கலிபோர்னியாவின் நிலத் தரகரும் அரசாங்க உரிமமும்

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று, விலை பேசி, இரு தரப்பையும் இணங்க வைத்து, கிரயம் முடிந்ததும் தரகு பெற்றுக்கொள்ளும் மனிதர், நிலம் கைமாறும் இடங்களிலெல்லாம் தொன்றுதொட்டு இருந்து வருகிறவர்தாம். ஆனால் அவருடைய நாணயத்தை அரசாங்கமே சோதித்து, பரீட்சை வைத்து, உரிமம் வழங்கி, நெறி பிசகினால் அவ்வுரிமத்தைப் பறிப்பதற்கென்று தனி இலாகா ஒன்றையும் நிறுவ வேண்டும் என்ற எண்ணம் மிகவும் பிற்காலத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வெண்ணத்தை முதன்முதலாகச் சட்டமாக்க முற்பட்டது கலிபோர்னியா மாநிலம். அந்த மாநிலத்தில் எந்தெந்தக் காரியங்கள் எந்தெந்த ஆண்டுகளில் தரகரின் குற்றங்களாக எழுதப்பட்டன என்று வரிசையாகப் பார்த்து வருகிறவருக்கு, அச்சமூகம் எதை ஏமாற்று என்று கருதியது, எதைக் கண்ணெதிரே கண்டும் ஏமாற்றென்று கருதாமல் விட்டது என்பது அந்தப் பட்டியலிலிருந்தே தெளிவாகிவிடும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

கதை 1880-களில் தொடங்குகிறது. தென் கலிபோர்னியாவில் அதுவரை தனியாட்சி செலுத்திவந்த சதர்ன் பசிபிக் ரயில்வேக்குப் போட்டியாகச் சாண்டா ஃபே ரயில்வேயும் லாஸ் ஏஞ்சல்ஸை எட்டிவிடவே, இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று வீழ்த்தும் நோக்கத்துடன் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயின. 1887-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், மிசௌரிப் பள்ளத்தாக்கிலிருந்து பசிபிக் கரை வரையில் பிரயாணம் செய்ய ஒரே ஒரு டாலர் போதும் என்ற நிலை ஏற்பட்டது. பனிக்கும் குளிருக்கும் அஞ்சிய கிழக்கத்திய ஜனங்கள் ஆரஞ்சுத் தோட்டங்களையும் இளவெயிலையும் நாடித் திரள் திரளாக வந்து இறங்கினார்கள். அவர்களை எதிர்கொண்டு வரவேற்றவர்கள் நிலத் தரகர்கள். பாண்டு வாத்தியம் முழங்க, கொடிகள் பறக்க, இலவசச் சாப்பாடு போட்டு வெட்ட வெளிக்கு அழைத்துச் சென்று, அங்கே முளைக்குச்சிகள் நட்டுக் காட்டிய இடத்தில் இன்னும் ஓராண்டில் ஓட்டலும் கல்லூரியும் எழும்பப் போகின்றன என்று சொல்லி மனைகளை ஏலம் விட்டார்கள். 1884-க்கும் 1888-க்கும் இடைப்பட்ட காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தீட்டிப் பதிவு செய்தார்கள் என்பதும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நகரங்களாக நிலைக்காமல் மறைந்தன என்பதும் வரலாறு. பாலைவனத்து யோஷுவா மரங்களின் முட்கிளைகளில் ஆரஞ்சுப் பழங்களைச் செருகி வைத்து, அவற்றையே ஆரஞ்சுத் தோட்டமென்று காட்டி விற்றார்கள் என்ற கதை இன்றளவும் அங்கே வழங்குகிறது. பலூனில் ஏறினாலன்றிப் போய்ச் சேர முடியாத பாலை மேட்டில் மனைப்பிரிவு போட்டு விற்றவர்களைப் பற்றி, அக்காலத்தைக் கண்ட வரலாற்றாசிரியர் ஜே. எம். குயின் எழுதி வைத்திருக்கிறார்.

1888-இல் பாங்குகள் கடனை இறுக்கிப் பிடித்ததும் இந்த வீக்கம் வடிந்துபோயிற்று. ஏமாந்தவர்கள் எங்கே போய் முறையிடுவது? சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடரலாம். ஆனால் வாங்குகிறவன்தான் விழித்திருக்க வேண்டும் என்ற பழைய நியாயம் அங்கே குறுக்கே நிற்கும். அதையும் தாண்டி வென்றாலும், பிரதிவாதி அதற்குள் ஊரைவிட்டே போயிருப்பார். கள்ளத் தரகர் மறுநாளே வேறு ஊரில் வேறொரு பலகையை மாட்டிக்கொண்டு அதே தொழிலைத் தொடங்குவதைத் தடுக்க எந்த அதிகாரியும் இல்லை. போன பணத்தை மீட்டுத் தருவதைக் காட்டிலும், அதே மனிதர் அடுத்த குடும்பத்தையும் கெடுக்காமல் தடுப்பதே அவசரமான காரியம் என்ற உணர்ச்சி மெல்ல மெல்லப் பரவியதற்கு இந்த அனுபவமே காரணம் என்று சொல்லலாம்.

சட்டம் வேண்டும் என்று ஓங்கிக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் தரகர்களே. 1905-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவர்களுடைய மாநிலச் சங்கம் பிறந்தது. 1908-இல் சிக்காகோவில் தேசியச் சங்கம் உருவாயிற்று. 1913-இல் அந்தத் தேசியச் சங்கம் தன் அங்கத்தினர்களுக்கென ஓர் ஒழுக்க விதியைப் பிரகடனம் செய்தது. வைத்தியரும் வக்கீலும் பெற்றிருந்த கௌரவம் தங்களுக்கும் வேண்டும் என்ற ஆசை இதில் உண்டு. மூலைக்கு மூலை முளைத்து வந்த போட்டிக்காரர்களைக் களத்திலிருந்து அகற்ற வேண்டும் என்ற சுயநலமும் உண்டு. இவ்விரண்டில் எது மிகுதி என்று பிரித்துச் சொல்வது கடினம். சுயநலம் கலந்திருந்த காரணத்தால் அச்சட்டம் பயனற்றது என்று தள்ளிவிடுவதை நான் ஒப்பமாட்டேன். ஆயினும் தொழில் நடத்துவோரே கேட்டுப் பெற்ற சட்டமாதலால், அவர்கள் குற்றமென்று எண்ணாத எதையும் அது நெடுங்காலம் குற்றமென்று எண்ணவில்லை என்பதையும் மறக்கலாகாது.

1917-இல் முதற் சட்டம் நிறைவேறியது. மாநிலச் சுப்ரீம் கோர்ட்டு அதை அரசியல் சட்டத்துக்கு முரணானதென்று தள்ளிவிட்டது. சட்டமன்றம் விடாமல் 1919-இல் திருத்தி எழுதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதுவும் அதே ஆண்டில் ‘ரைலி – சேம்பர்ஸ்’ என்ற வழக்கில் அதே கோர்ட்டின் சோதனைக்கு வந்தது. ஒரு மனிதன் தனக்குப் பிடித்த நியாயமான தொழிலைச் செய்யும் உரிமையை அரசாங்கம் எந்த முகாந்திரத்தில் கட்டுப்படுத்தலாம் என்பதே கேள்வி. தரகர் பிறருக்குப் பிரதிநிதியாக நின்று, பிறருடைய அந்தரங்கமான நம்பிக்கையைத் தாங்கித் தொழில் நடத்துகிறவர். ஆகவே அவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை விதிப்பது தகும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தரகருடைய கல்வியையோ சாமர்த்தியத்தையோ முதலில் பேசாமல் நம்பகத்தன்மையையே அஸ்திவாரமாக வைத்தது அந்தத் தீர்ப்பு. பின்னால் எழும்பிய கட்டடம் முழுவதும் அந்த அஸ்திவாரத்தின் மீதே நிற்கிறது.

இந்தச் சட்ட ஏற்பாட்டில் இரண்டு வகை உரிமங்கள் உண்டு. சொந்தப் பொறுப்பில் தொழில் நடத்தக்கூடியவர் தரகர். அவருக்குக் கீழே, அவருடைய மேற்பார்வையில் மட்டுமே வேலை செய்யக்கூடியவர் விற்பனையாளர். விற்பனையாளர் தம் பெயரில் கட்சிக்காரரிடம் நேராகத் தரகு வாங்க முடியாது. தரகர் வழியாகத்தான் அது அவர் கைக்கு வரவேண்டும். கீழே இருப்பவர் செய்த பிழைக்கு, மேற்பார்க்கத் தவறியதற்காக மேலே இருப்பவரும் தண்டனை பெறுவார். உரிமமில்லாதவர் தரகுக்காக வழக்குத் தொடர்ந்தால் கோர்ட்டு அவருக்குக் கதவைத் திறப்பதில்லை என்ற விதிதான் எனக்கு எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமானதாகத் தோன்றுகிறது. ஒரு போலீஸ்காரரைக்கூட அனுப்பாமல், கள்ளத் தரகரின் வரும்படியையே அது வேரறுத்துவிடுகிறது. (நம் இந்தியாவில் நாடு முழுவதற்குமாக நிலத் தரகரைப் பதிவுக்கு உட்படுத்திய சட்டம் 2016-ஆம் ஆண்டில்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், கலிபோர்னியா எவ்வளவு முன்னதாக விழித்துக்கொண்டது என்பது விளங்கும்.)

ஆனால் உரிமம் வந்துவிட்டதாலேயே பழைய திருவிழா அடங்கிவிடவில்லை. 1920-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் மறுபடியும் வீங்கியது. சான் பெர்னாண்டோப் பள்ளத்தாக்கில் ஜிரார்டு என்று பெயரிடப்பட்ட புது நகரில், உள்ளே ஒன்றுமில்லாமல் முகப்பு மட்டும் கட்டி நிறுத்திய கடைவீதியைக் காட்டி ஆயிரக்கணக்கான மனைகளை விற்றார்கள். தரகரைத் தனி மனிதராகச் சோதித்தால் மட்டும் போதாது, அவர் விற்கும் மனைப்பிரிவையே சோதிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அரசாங்கம் வர இத்தகைய அனுபவங்கள் காரணமாயின. 1930-களில் மனைப்பிரிவுகள் உரிம இலாகாவின் தலைவரான கமிஷனருடைய அதிகாரத்துக்கு உட்பட்டன. தண்ணீர் வருமா, சாலை உண்டா, வில்லங்கம் ஏதேனும் இருக்கிறதா என்ற விவரங்களையெல்லாம் அடக்கிய பகிரங்க அறிக்கையொன்றை அரசாங்கம் வெளியிட்ட பிறகே மனை விற்கலாம் என்பது வழக்கமாயிற்று. 1943-இல் இந்த விதிகள் அனைத்தும் தொழில்களுக்கான சட்டக் கோவையில் ஒழுங்காக இடம் பெற்றன.

அந்தக் கோவையின் 10176, 10177 என்ற இரண்டு பிரிவுகளில்தான் தரகரின் குற்றங்கள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பொய் சொல்லி விற்றல், நிறைவேற்ற எண்ணமில்லாத வாக்குறுதி கொடுத்தல், இரு தரப்பாருக்கும் ஏஜண்டாக இருந்துகொண்டு அதை ஒரு தரப்பாரிடம் மறைத்தல், சொல்லாமல் இலாபம் அடித்தல், முடிவு தேதி குறிப்பிடாமல் ஏகபோக ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளல் ஆகிய ஒவ்வொன்றின் பின்னாலும் ஏமாந்து நின்ற பல மனிதர்களின் துயரம் இருக்கிறது. முடிவு தேதி விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்: உம்முடைய வீட்டை நான் ஒருவனே விற்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்ட தரகர், அதற்கொரு காலக்கெடு இல்லையென்றால், மூன்றாண்டு கழித்து உடைமைக்காரர் தாமே ஆள் தேடி விற்ற வீட்டுக்கும் தரகு கேட்டு வந்து நிற்பார்.

இவற்றிலெல்லாம் இலாகாவின் தணிக்கையாளர்கள் மிகவும் சிரத்தையோடு தேடுவது பணத்தைக் கலந்துவிட்ட குற்றத்தை. வாங்குகிறவர் கொடுத்த முன்பணம் தரகரின் பணமன்று. அதை மூன்று வேலை நாட்களுக்குள் எஸ்க்ரோ என்னும் நடுநிலைப் பொறுப்பாளரிடமோ, உரியவரிடமோ, பாங்கில் தனியாக வைத்திருக்கும் நம்பிக்கைக் கணக்கிலோ அவர் சேர்த்தாக வேண்டும். யாருடைய பணம், எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் போயிற்று என்று பத்தி பத்தியாக எழுதி, மாதந்தோறும் பாங்குக் கணக்கோடு ஒத்துப் பார்த்து வைக்க வேண்டும். மற்றவர் பணத்தை எடுத்துத் தம் கடை வாடகையைக் கட்டுவது குற்றம் என்பது எவருக்கும் புரியும். தம் சொந்தப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைப்பதும் குற்றமே என்பதுதான் பலருக்கு வியப்பைத் தரும். பாங்குக் கட்டணத்துக்கென 200 டாலர் வரையில் மட்டும் அங்கே அவர் தம் பணத்தை வைத்திருக்கலாம். தரகருக்குக் கடன்காரர் ஒருவர் வந்து ஜப்தி செய்தால், கலந்து கிடக்கும் பணத்தில் எது யாருடையது என்று பிரிக்க முடியாமல், வீடு வாங்க வந்த ஏழையின் சேமிப்பும் சேர்ந்து போய்விடும் அல்லவா? ஒரு காசும் களவு போகாதபோதே கலந்ததைக் குற்றமென்று விதித்திருப்பதில், மனித சுபாவத்தை நன்கறிந்த அனுபவம் இருக்கிறது. பெரும்பாலான நம்பிக்கைத் துரோகங்கள் திருட வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்குவதில்லை, அடுத்த வாரம் திருப்பி வைத்துவிடலாம் என்ற எண்ணத்திலேயே தொடங்குகின்றன.

இத்தனை நுட்பமாகக் காசைக் காத்த அதே சட்டம், அதே ஆண்டுகளில், மனிதரைக் காக்கவில்லை. 1924-இல் தேசியத் தரகர் சங்கம் தன் ஒழுக்க விதியில், ஓர் இனத்தாரின் வருகையால் ஒரு பகுதியின் நில மதிப்புக் குறையுமானால் அவ்வினத்தாரை அங்கே குடியேற்றுவதற்குத் தரகர் ஒருபோதும் கருவியாகலாகாது என்று எழுதியது. கறுப்பருக்கும் ஜப்பானியருக்கும் மெக்சிகருக்கும் வீடு காட்ட மறுப்பது ஒழுக்கம், காட்டுவது ஒழுக்கக்கேடு! 1950 வரையில் இனத்தைப் பற்றிய அந்தச் சொற்கள் விதியில் நின்றன. அரசாங்கத்தின் குற்றப் பட்டியலிலோ இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குடியுரிமை பெற இயலாத அன்னியர் விளைநிலம் வாங்கலாகாது என்ற 1913-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நாளில் அமலில் இருந்தது; இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தவுடன், கலிபோர்னியாவில் வியர்வை சிந்தி உழுதுகொண்டிருந்த பஞ்சாபியரும் அந்தத் தடைக்குள் அகப்பட்டார்கள். 1952-இல்தான் மாநிலக் கோர்ட்டு அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது. முன்பணத்தில் பத்து டாலர் குறைந்தால் உரிமம் போகும், ஆனால் ஒரு குடும்பத்தைத் தோலின் நிறம் பார்த்து வாசலிலேயே திருப்பி அனுப்பினால் ஒன்றும் நேராது என்றிருந்த அந்த முப்பது ஆண்டுகளைப் படிக்கும்போது என் மனம் கொதிக்கிறது. நாணயம் என்ற சொல்லை அவர்கள் எவ்வளவு குறுக்கி வைத்திருந்தார்கள்!

1959-இல், எந்த வியாபார நிறுவனமும் இனம் பார்த்து மக்களைப் பாகுபடுத்தலாகாது என்ற அன்ரூ குடிமை உரிமைச் சட்டம் வந்தது. தரகரின் தொழிலும் அதற்கு உட்பட்டதே என்று 1962-இல் மாநிலச் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1963-இல் ரம்ஃபோர்டு சட்டம் வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனபேதத்தைத் தடுத்தது. மாநிலத் தரகர் சங்கம் இதை எதிர்த்துப் பெரும் பிரசாரம் செய்து, யாருக்கு விற்பது யாருக்கு மறுப்பது என்பது உடைமைக்காரரின் இஷ்டம் என்று சொல்லும் பதினான்காம் பிரேரணையை 1964 நவம்பரில் ஜனங்களின் வாக்குக்கு வைத்தது; வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அதற்கு ஆதரவு தந்தார்கள். 1966-இல் மாநிலக் கோர்ட்டும், 1967-இல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டும் அதைச் செல்லாதென்று தீர்த்தன. பிற்பாடு, வேற்று இனத்தார் வரப்போகிறார்கள், விலை விழுந்துவிடும் என்று பயமுறுத்தி வீட்டை விற்கத் தூண்டுவது உரிமத்தைப் பறிக்கத்தக்க குற்றங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. ஒரு காலத்தில் தரகரின் கடமையாகப் போற்றப்பட்ட மனப்பான்மை, அதே பட்டியலில் குற்றமாக வந்து அமர்ந்தது.

அந்த 1964-ஆம் ஆண்டே இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. தரகரின் மோசடிக்கு எதிராகக் கோர்ட்டில் தீர்ப்புப் பெற்றும், அவரிடம் சொத்து ஒன்றுமில்லாமையால் வசூலிக்க முடியாதவர்களுக்கு உதவ, உரிமக் கட்டணத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி நிவாரண நிதி அமைத்தார்கள். இன்று ஒரு பரிவர்த்தனைக்கு 50,000 டாலர், ஒரு தரகரைக் குறித்து மொத்தத்தில் 250,000 டாலர் என்பது வரம்பு. அரசாங்கம் அவர் பொருட்டுப் பணம் கொடுத்த கணத்திலேயே அவருடைய உரிமம் நிறுத்தி வைக்கப்படும். வட்டியோடு அதைத் திருப்பிக் கட்டும் வரையில் திரும்ப வராது. தொழிலிலுள்ள நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து, கெட்டவர் ஒருவர் செய்த நஷ்டத்தை ஈடு செய்யும் இந்த ஏற்பாட்டில் தொழில் கௌரவம் என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் கிடைத்தது என்பது என் அபிப்பிராயம்.

உரிமத்தைப் பறிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குற்றஞ்சாட்டுகிறவரும் விசாரிக்கிறவரும் தண்டிக்கிறவரும் ஒரே இலாகாவாக இருந்தால் நியாயம் பிழைக்காது என்பதை உணர்ந்து, கலிபோர்னியா 1945-இல் நிர்வாக விசாரணைச் சட்டம் ஒன்றை இயற்றியது. இலாகா தன் குற்றச்சாட்டை எழுத்து மூலமாகத் தரகருக்கு அனுப்புகிறது. அவர் பதினைந்து நாட்களுக்குள் எதிர்வாதம் செய்யப்போவதாகத் தெரிவிக்கலாம். தெரிவித்தால், அந்த இலாகாவைச் சேராத தனி விசாரணை நீதிபதியின் முன் சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு உட்படுகிறார்கள். குற்றம் தெளிவான, நம்பத்தக்க சான்றுகளால் நிரூபிக்கப்பட வேண்டும்; சாதாரணச் சிவில் வழக்கில் போதுமான சான்று இங்கே போதாது, ஏனென்றால் பறிபோவது ஒருவரின் ஜீவனோபாயம். நீதிபதி எழுதுவது சிபாரிசுத் தீர்ப்பே. அதை ஏற்பதும் மாற்றுவதும் கமிஷனரின் பொறுப்பு. அதன் மீதும் கோர்ட்டுக்குப் போகலாம். முழுவதும் பறிப்பதற்கும் முழுவதும் மன்னிப்பதற்கும் நடுவே, நிபந்தனைகளோடு கூடிய கட்டுப்பட்ட உரிமம் என்ற ஒன்றும் உண்டு. இலாகா 2013-இல் நுகர்வோர் துறையின் கீழ் ஒரு கிளையாக்கப்பட்டு, 2018-இல் மீண்டும் தனி இலாகாவாயிற்று. விசாரணை முறை மட்டும் மாறவில்லை.

பொய் சொன்னதற்காகவும் தெரிந்ததை மறைத்ததற்காகவும் தண்டித்து வந்த நீதி, தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதற்காகவும் தரகரைப் பொறுப்பாக்கிய திருப்பம் 1984-இல் நேர்ந்தது. டயாப்ளோ என்ற ஊரில், ஓர் ஏக்கர் நிலமும் நீச்சல் குளமும் விருந்தினர் விடுதியும் கொண்ட ஒரு வீட்டை 1976-இல் 170,000 டாலருக்கு ஒருவர் வாங்கினார். வாங்கிய சிறிது காலத்தில் பூமி சரிந்து வீடு பிளந்தது. சரியாகக் கெட்டிப்படுத்தாத மண்ணிட்டு நிரப்பிய இடத்தில் அது கட்டப்பட்டிருந்தது. முன்பே அங்கே சரிவுகள் ஏற்பட்டிருந்ததையும் விற்றவர்கள் சொல்லவில்லை. விற்பனைக்கு வைத்த தரகரின் ஆட்கள் இருவரிடமும் அச்சரிவுகளைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆட்கள் சரிவில் வலை போர்த்தியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விடுதியின் தளம் சமமாக இல்லாததைக் கவனித்திருக்கிறார். இருவரும் மண் பரிசோதனைக்குச் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது, பயிற்சி பெற்ற கண் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டியதையும் தரகர் வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று மேல்முறையீட்டுக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் அந்தக் கடமையைச் சிவில் சட்டத்தில் எழுதியது: நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத குடியிருப்பானால், அணுகக்கூடிய பாகங்களைத் தரகர் தேர்ந்த கண்ணோடும் ஜாக்கிரதையோடும் பார்வையிட்டு, மதிப்பையோ விருப்பத்தையோ பாதிக்கும் குறைகளை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். பாலைவனத்து மரத்தில் ஆரஞ்சைச் செருகியவர்களைப் பிடிக்கப் புறப்பட்ட நீதி, தளம் கோணலாக இருப்பதைக் கண்டும் வாய் திறவாதவரையும் எட்டிவிட்டது. நூறாண்டில் இதைவிடப் பெரிய தூரத்தை அது கடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

உரிமம் பறிபோனவர் என்ன ஆகிறார்? ஓராண்டு கழிந்த பின் அவர் மீண்டும் மனுச் செய்யலாம். ஆனால் திருந்திவிட்டேன் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையின் மேலேயே இருக்கிறது. இலாகா பார்க்கும் அம்சங்களை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: எத்தனை காலம் கழிந்தது, கெடுத்தவர்களுக்கு ஈடு செய்தாரா, பழைய கடன்களைத் தீர்த்தாரா, குடும்ப வாழ்க்கையில் நிலைத்திருக்கிறாரா, முன்பு தம்மைக் கெடுத்த சகவாசத்தை விட்டாரா, மனப்போக்கு மாறியிருக்கிறதா. கடைசியில் சொன்னதற்கு அவருடைய வாக்குமூலத்தோடு அவரை அறிந்தவர்களின் சாட்சியையும் இலாகா கேட்கிறது. கெடுத்தவர்களுக்கு ஈடு செய்தாரா என்ற கேள்விக்கோ ரசீதையே கேட்கிறது.